விமானத்துக்குப் பெட்ரோல் வாங்கப் போன கதை

எங்களிடம் ஒரு விமானம் இருக்கிறது என்று சொன்னால், புதிதாகப் பழகுகிறவர்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு, "ட்ரோனா?" என்று கேட்பார்கள். நிஜ விமானம்தான். இரண்டு பேர் உட்காரலாம். அலுமினியக் குழாய்களால் ஆன சட்டம், அதன்மேல் இழுத்துப் போர்த்திய கெட்டித் துணி இறக்கை, மூக்கில் ஒரு சின்ன இன்ஜின், கீழே மூன்று சக்கரம். இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே ஒரு தென்னந்தோப்பின் ஓரம், தகரக் கொட்டகைக்குள் நிற்கிறது. நான், என் கணவர், தோப்பின் உரிமையாளரான அண்ணாச்சி, மூன்று பேருக்கும் அதில் பங்கு.

நான் இராஜபாளையத்தில் ஆஸ்பத்திரிக்கான பேண்டேஜ் துணியும் காயத்தின்மேல் வைக்கிற காஸ் துணியும் செய்கிற சின்ன யூனிட் ஒன்றை நடத்துகிறேன். கணவர் விமானப் படையில் இன்ஜின் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஊருக்கு வந்த முதல் வருஷம் வீட்டிலிருந்த மிக்சி, கிரைண்டர், யூனிட்டின் மோட்டார்கள் என்று ஒன்று விடாமல் பிரித்து மாட்டினார். பிரிக்க வேறு எதுவும் இல்லாமல் போனபோது முகம் வாடிவிட்டது. அந்த நேரத்தில்தான் பெங்களூருப் பக்கம் ஒரு பறக்கும் பள்ளி தன் பழைய விமானத்தை விற்கப் போவதாக அவருடைய படை நண்பர் ஒருவர் போனில் சொன்னார். "சும்மா பாத்துட்டு வாரோம்" என்று அவரும் அண்ணாச்சியும் கிளம்பிப் போனார்கள். திரும்பி வந்தபோது பின்னால் ஒரு லாரி வந்தது.

அண்ணாச்சி சேத்தூர்க்காரர். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். தேங்காய், மாங்காய், மாடு இவற்றைத் தவிர வேறெதிலும் அதுவரை அவர் ஆர்வம் காட்டி நான் பார்த்ததில்லை. "தங்கச்சி, தோப்புல அந்தப் பொட்டல் சும்மாதானே கெடக்கு. உருட்டி விட்டா ரன்வே ஆயிரும்" என்றார், களத்துமேட்டைப் பற்றிப் பேசுகிற மாதிரி.

ஓட்டப் போவது என் கணவர்தான் என்று எல்லோரும் நினைத்திருந்தோம். பைலட் உரிமத்துக்கு முன்னால் மருத்துவப் பரிசோதனை செய்தார்கள். ஸ்கேன் பார்த்த டாக்டர், இரண்டு சிறுநீரகத்திலும் கல் இருக்கிறது என்று சொல்லிவிட்டார். மேலே போய் வலி வந்தால் யார் இறக்குவது? சட்டம் இடம் கொடுக்காது. வீட்டுக்கு வந்து இரண்டு சொம்பு வாழைத்தண்டுச் சாறு குடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏட்டி, ஒனக்குத்தான் கல்லு இல்லயே."

"அதுக்கு?"

"நீ ஓட்டு. நான் கீழ நின்னு பாத்துக்கிடுதேன்."

எனக்கு அப்போது நாற்பது வயது தாண்டியிருந்தது. ஸ்கூட்டர் ஓட்டுவேன், யூனிட்டின் மினி லாரியையும் ஓட்டுவேன். யூனிட்டைத் தங்கை கையில் ஒப்படைத்துவிட்டுப் பெங்களூருக்குப் போனேன். முதல் வாரம் முழுக்க வாந்தி. அதற்கப்புறம் ஒரு காலையில், சொல்லிக் கொடுக்கிறவர் கையை எடுத்துக்கொண்டு சும்மா வெளியே வேடிக்கை பார்த்தார். விமானம் என் பேச்சைக் கேட்டுப் போய்க்கொண்டிருந்தது. அன்று பிடித்த பித்து இன்னும் இறங்கவில்லை.

உரிமம் வாங்கிவிட்டால் ஏறிப் பறந்துவிடலாம் என்று நினைத்தால் அது வேறு உலகம். விமானத்துக்குப் பதிவு, வருஷா வருஷம் பறக்கத் தகுதி என்று அனுமதி, எனக்கு மருத்துவச் சான்று, போலீஸ் விசாரணை, காப்பீடு, நிலத்துக்குத் தனி அனுமதி. ஒவ்வொரு தடவையும் கிளம்புவதற்கு முன்னால் மதுரை விமான நிலையக் கட்டுப்பாட்டு அறையில் கேட்க வேண்டும். மேற்கே புலிகள் காப்பகம், அதன்மேல் போகக் கூடாது. கோயில் கோபுரத்துப் பக்கம் போகக் கூடாது. திருவிழாக் கூட்டத்தின்மேல் போகவே கூடாது. விதிகள் நடுநடுவே மாறிக்கொண்டும் இருக்கும். ஒரு வருஷம் தாளில் கேட்டதை மறு வருஷம் கம்ப்யூட்டரில் கேட்பார்கள். அதற்கும் மறு வருஷம், கம்ப்யூட்டரில் ஏற்றியதைத் தாளிலும் கேட்பார்கள். எனக்கு இதில் பெரிய வருத்தமில்லை. ஆஸ்பத்திரித் துணி செய்கிறவளுக்கு அரசாங்கச் சோதனை என்பது காலைக் காபி மாதிரி.

எங்களை உண்மையில் தரையில் உட்கார வைத்தது பெட்ரோல்தான்.

இந்த ரகத்துச் சின்ன விமானங்கள் சாதாரணப் பங்கில் விற்கும் பெட்ரோலில்தான் ஓடும். பெரிய பறக்கும் பள்ளிகள் பயன்படுத்துகிற நீல நிற விமானப் பெட்ரோல் ஒன்று உண்டு. அது பீப்பாய்க் கணக்கில்தான் வரும், சேமித்து வைக்கத் தனி உரிமம் வேண்டும். அதோடு அதில் ஈயம் கலந்திருக்கும். எங்கள் இன்ஜினுக்கு ஈயம் ஒத்துக்கொள்ளாது, ஸ்பார்க் பிளக்கில் போய்ப் படியும். உலகம் பூராவும் அந்த ஈயத்தைக் கைவிடப் பார்க்கிறார்கள் என்று வேறு கணவர் சொல்வார். ஆகவே ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பங்கில் பைக்குக்குப் போடுகிற அதே பெட்ரோலைத்தான் நாங்களும் போட்டோம். ஒரு குறையும் இல்லாமல் பறந்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் காலைப் பூசை முடிந்து தோப்புக்குப் போனோம். கிளம்புவதற்கு முன்னால் தரையிலேயே இன்ஜினைக் கொஞ்ச நேரம் முழு வேகத்தில் ஓட்டிப் பார்ப்பது வழக்கம். அன்று நடுவில் இருமியது. வேகத்தைக் குறைத்தேன், சரியானது. கூட்டினேன், மறுபடி இருமியது. கணவர் கையைக் குறுக்கே வெட்டிக் காட்டினார். அணைத்துவிட்டேன்.

இன்ஜின் மூடியைத் திறந்து, பெட்ரோல் போகிற ரப்பர் குழாயை விரலால் அமுக்கிப் பார்த்தார். அது சூயிங்கம் மாதிரி கொழகொழவென்று அமுங்கியது. கார்புரேட்டரின் அடியில் இருந்த ரப்பர் வளையம் ஊறி, வெயிலில் வைத்த அப்பளம் போல வளைந்து கிடந்தது.

"போன மாசம்தானே மாத்துனிய?" என்றேன்.

"மாத்துனேன். இது பெட்ரோல் பாத்த வேல." அவர் முகத்தில் கவலையோடு சேர்ந்து ஒரு மலர்ச்சியும் தெரிந்ததைச் சொல்லத்தான் வேண்டும். பிரித்துப் பார்க்க ஒரு காரணம் கிடைத்துவிட்டதல்லவா?

பெட்ரோலில் எத்தனால் என்கிற சாராயம் கலக்கிறார்கள் என்று பேப்பரில் படித்திருந்தேன். கரும்பிலிருந்தும் தானியத்திலிருந்தும் எடுப்பது. நாட்டுக்கு நல்லது, விவசாயிக்கும் நல்லது என்று எழுதியிருந்தார்கள். கொஞ்சமாகக் கலந்தபோது எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. அளவை ஏற்றிக்கொண்டே போய் இருபது சதவீதத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். எங்கள் இன்ஜின் கம்பெனியின் புத்தகமோ பத்து சதவீதம்தான் தாங்கும் என்கிறது. எத்தனால் பழைய ரப்பரை ஊற வைக்கும், காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பைக் வழியில் நின்றால் ஓரமாக உருட்டலாம். விமானம் நின்றால் எங்கே உருட்டுவது?

கணவர் முதலில் பங்குக்குப் பங்கு வித்தியாசம் இருக்குமோ என்று பார்க்க நினைத்தார். என் யூனிட்டில் காஸ் துணி எவ்வளவு தண்ணீர் உறிஞ்சுகிறது என்று பார்ப்பதற்கு அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழாய்கள் உண்டு. அதில் அடியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, மேலே பெட்ரோல் ஊற்றி, குலுக்கி, செத்த நேரம் வைத்துவிட வேண்டும். எத்தனால் இருந்தால் பெட்ரோலை விட்டுப் பிரிந்து தண்ணீரோடு சேர்ந்துகொள்ளும். அடியில் இருக்கும் தண்ணீர்க்கோடு மேலே ஏறும். அவ்வளவுதான் சோதனை.

நாங்கள் இரண்டு பேரும் பைக்கில் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பங்குக்குப் போனோம். நான் யூனிட்டிலிருந்து நேராக வந்ததால் வெள்ளைக் கோட்டுடன் இருந்தேன். கணவர் முடியை இன்னும் படையில் இருந்த மாதிரி ஒட்ட வெட்டுகிறவர். பைக் டேங்கில் பெட்ரோல் போட்டோம். பங்கின் ஓரமாக நின்று அதிலிருந்து கொஞ்சம் குழாயில் எடுத்துக் குலுக்கினோம். உள்ளேயிருந்து மேனேஜர் ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"சார், மேடம், உள்ள வாங்க. வெயில்ல நிக்கிறியளே. எந்த ஆபீஸ்ல இருந்து வாரிய?"

"ஆபீஸ் எல்லாம் இல்லைங்க" என்றேன்.

அவர் நம்பவில்லை. குடிக்க இரண்டு பாட்டில் கலர் வந்தது. நாற்காலி வந்தது. ஒரு பையன் ஓடிப் போய், போன வாரம்வரை ஓடாமல் கிடந்ததாகச் சொல்லப்படும் காற்றடிக்கும் மெஷினைப் போட்டுவிட்டான். டயருக்கு யாருமே கேட்காதபோது அது 'புஸ், புஸ்' என்று தனியாகச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

"விமானத்துக்குங்க" என்று கணவர் விளக்கினார். "எங்ககிட்ட ஒரு ஏரோப்ளேன் இருக்கு."

மேனேஜர் எங்களை மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு குழாயைப் பார்த்தார். கோடு நன்றாக ஏறியிருந்தது. "இது நாங்க கலக்குறது இல்லைங்க. எல்லாப் பங்குலயும் இதே கதிதான். எத்தனால் இல்லாதது வேணும்னா மதுரையில ஒரு பங்குல வெல கூடின பெட்ரோல் தனியா வருது. பெரிய கார்க்காரங்க போடுவாங்க." சொல்லிவிட்டுச் சிரித்தார். "ஏரோப்ளேனுக்கு நம்ம பங்குலதான் இம்புட்டு நாளாப் போட்டியளா? ஒரு வார்த்த சொல்லியிருந்தா போர்டு வச்சிருப்பேனே!"

அதே வாரத்தில் தகுதி அனுமதியைப் புதுப்பிக்கிற வேலையும் வந்து சேர்ந்தது. சென்னையிலிருந்து வருகிற ஆய்வாளரிடம் போனில் விஷயத்தைச் சொன்னேன். மரியாதையான மனிதர். "மேடம், இன்ஜின் புத்தகம் பத்துக்கு மேல கூடாதுன்னா, எனக்கும் கூடாது. சரியான பெட்ரோல் வெச்சுட்டுக் கூப்பிடுங்க, வரேன்" என்றார்.

மதுரைப் பங்குக்குப் போன் செய்தோம். எத்தனால் இல்லாத பெட்ரோல் இருக்கிறது. ஆனால் கேனில் ஊற்ற மாட்டார்கள், வண்டி டேங்கில்தான் போடுவார்கள். அது விதி. பிளாஸ்டிக் கேனில் பெட்ரோலை எடுத்துப் போகிறவர்கள் எல்லோரும் விமானம் ஓட்டுகிறவர்களாக இருப்பதில்லை, நியாயம்தான்.

அண்ணாச்சிக்கு உடனே வழி தோன்றிவிட்டது. "நம்ம கார் இருக்குல்ல? பெட்ரோல் கார். டேங்க் நெறயப் போட்டுட்டு வருவோம். இங்க வந்து உறிஞ்சி எடுத்துருவோம்."

"டேங்குல ஏற்கெனவே இருக்குற பெட்ரோலோட கலந்துருமேண்ணே" என்றார் கணவர்.

"அப்ப காலி டேங்கோட போவோம்."

"காலி டேங்கோட எப்படிண்ணே மதுரைக்குப் போறது?"

அண்ணாச்சி யோசித்தார். "சரியா மதுரை போற வரைக்கும் மட்டும் போட்டுக்கிடுவோம்."

கேட்க மிக நன்றாக இருந்தது. கணவர் கணக்குப் போட்டு, டேங்கைக் காலி செய்து, அளந்து ஊற்றினார். மூன்று பேரும் கிளம்பினோம். அண்ணாச்சி ஓட்ட, கணவர் பக்கத்தில் முள்ளையே பார்த்துக்கொண்டு வர, நான் பின்னால். கிருஷ்ணன்கோவில் தாண்டினோம். கல்லுப்பட்டி தாண்டினோம். ஏ.சி. போடக் கூடாது என்று கணவர் கட்டளை. கண்ணாடியை இறக்கினால் காற்று இழுத்துப் பெட்ரோல் அதிகமாகும், அதனால் அதையும் இறக்கக் கூடாது என்றார். வேர்வையில் நனைந்தபடி திருமங்கலத்தையும் தாண்டினோம். மதுரைக்குள் நுழைந்ததும் அண்ணாச்சி பாட ஆரம்பித்துவிட்டார்.

பங்கின் போர்டு கண்ணுக்குத் தெரிந்தது. அதற்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு மேம்பாலம். ஏற்றத்தின் பாதியில் கார் ஒரு குலுக்குக் குலுக்கியது. பாட்டும் காரும் சேர்ந்தே நின்றன.

பின்னால் ஒரு பஸ், அதன் பின்னால் ஊரே நின்றது. ஹாரன் சத்தத்தில் காது அடைத்துப் போனது. அண்ணாச்சி, "தேவுடா!" என்று தாய்மொழிக்குப் போய்விட்டார். நானும் கணவரும் இறங்கித் தள்ளினோம். ஏற்றத்தில் அது அசையவில்லை. போக்குவரத்துக் காவலர் ஒருவர் வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார்.

"பெட்ரோல் முள்ளப் பாத்து ஓட்ட மாட்டீங்களா?"

"பாத்துக்கிட்டேதான் சார் வந்தோம்" என்றார் கணவர். அவர் பொய் சொல்ல மாட்டார். "காலியாகணும்னுதான் வந்தோம். கொஞ்சம் முந்திருச்சு."

காவலர் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். "காலியாகணும்னு வந்தீங்களா?"

"ஏரோப்ளேனுக்கு நல்ல பெட்ரோல் வேணும் சார்" என்று நான் உதவப் பார்த்தேன்.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். நான் குடித்திருக்கிறேனா என்று பார்த்திருக்கலாம். போனில் இருந்த படத்தைக் காட்டினேன். நான் ஹெட்செட் மாட்டி உள்ளே உட்கார்ந்திருக்கும் படம். அவர் முகம் மெல்ல விரிந்தது. திரும்பி நின்று பஸ்காரரைப் பார்த்துக் கத்தினார்: "எறங்கி வாங்கய்யா, ஒரு கை கொடுங்க! பைலட்டம்மா வண்டி!"

பஸ்ஸின் கண்டக்டர், பயணிகளில் நாலைந்து பேர், காவலர், என் கணவர் எல்லோருமாகத் தள்ளினார்கள். பாலத்தின் உச்சியை அடைந்ததும் கார் தானாக இறங்க ஆரம்பித்தது. அண்ணாச்சி ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி, இன்ஜின் சத்தமே இல்லாமல், நேராகப் பங்குக்குள் மிதந்து போய் நின்றார். நான் பின்னால் ஓடிப் போனபோது அவர் இறங்கி நின்று வேட்டியை உதறிக்கொண்டிருந்தார். "லேண்டிங் எப்படி?" என்றார்.

டேங்க் நிறையப் போட்டோம். தோப்புக்குத் திரும்பி, கணவர் குழாய் விட்டு எடுத்து, பட்டுத்துணியில் வடிகட்டிப் பார்த்தார். துணியில் செந்தூளாகத் துரு படிந்தது. அண்ணாச்சியின் கார் டேங்க் உள்ளே அப்படி இருந்திருக்கிறது. கண்ணாடிக் குழாயில் ஊற்றிப் பார்த்ததில் கோடும் இம்மி அளவு ஏறியிருந்தது. எங்கோ மூலையில் பழசு கொஞ்சம் தங்கியிருக்கிறது.

"வேண்டாம்" என்றார் கணவர்.

"எல்லாத்தையும் வடிகட்டிரலாமே?" என்றார் அண்ணாச்சி, குரல் உடைந்து.

"இவ உக்காந்து போற வண்டிண்ணே அது." கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவ்வளவு இனிப்பாக அவர் பேசிக் கேட்டதில்லை. பெட்ரோலைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார் என்றாலும்.

அந்தப் பெட்ரோலில் அண்ணாச்சியின் கார் அடுத்த வாரம் முழுக்க இளவரசன் மாதிரி ஓடியது. சேத்தூரிலிருந்து இராஜபாளையத்துக்கு எண்ணெய் வாங்குவதற்குக்கூட அதில்தான் வந்தார்.

பிறகு நேர்வழியிலேயே போனோம். விருதுநகரில் உரிய அலுவலகத்தில், அங்கீகாரம் பெற்ற இரும்புக் கேனில் இவ்வளவுதான் என்று அளவு வைத்து, பெட்ரோல் வாங்கி வர அனுமதி கேட்டோம். அங்கிருந்த அதிகாரி அம்மா, "ஜெனரேட்டருக்கா?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் பேனாவை வைத்துவிட்டு, "பொம்பள ஓட்டுறீங்களா? நம்ம மாவட்டத்துலயா?" என்றார். அவருக்கும் போனில் படங்களைக் காட்டினேன். எல்லாப் படத்தையும் பார்த்தார், ஒன்றில் என் கணவர் இறக்கைக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்ததையும் சேர்த்து. சில தடவை அலைய வேண்டியிருந்தது, ஆனால் அனுமதி கிடைத்தது. மதுரைப் பங்குக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு மறுபேச்சில்லாமல் ஊற்றினார்கள். கணவர் இதற்குள் பெங்களூரிலிருந்து கம்பெனிக் குழாய்களையும் வளையங்களையும் வரவழைத்து எல்லாவற்றையும் புதிதாக மாற்றியிருந்தார்.

ஆய்வாளர் வந்தார். நாங்கள் நினைத்ததைவிட இளையவர், வெயிலுக்குப் பெரிய தொப்பி போட்டிருந்தார். ஒரு திருகாணி விடாமல் பார்த்தார். குழாய்களை அமுக்கினார். பெட்ரோலையும் குலுக்கிப் பார்த்தார். கோடு இருந்த இடத்திலேயே இருந்தது. "கிளப்புங்க மேடம், ஒரு சுத்து கீழ நின்னு பாத்துருவோம்" என்றார்.

மதுரையில் அனுமதி கேட்டேன், கொடுத்தார்கள். பொட்டலில் இரண்டு மயில்கள் நடுவழியில் நின்றுகொண்டிருந்தன. அண்ணாச்சி துண்டை வீசிக்கொண்டு ஓடி விரட்டினார். வேகத்தைக் கூட்டினேன். இன்ஜின் ஒரே குரலில் பாடியது, இருமல் இல்லை. சக்கரத்தின் தடதடப்பு சட்டென்று நின்றுபோனது. தென்னை மட்டைகள் கீழே போயின.

மேற்கே மலை முழுக்கக் காலை வெயில் விழுந்திருந்தது. அய்யனார் கோவில் பக்கம் மேகம் ஒன்று மலையிடுக்கில் சிக்கிக் கிடந்தது. அந்தப் பக்கம் போக எனக்கு அனுமதி இல்லை, அதனால் காட்டின் எல்லைக்கு வெகு முன்னாலேயே திரும்பிக் கண்மாய்கள்மேல் போனேன். செங்கோட்டை ரயில் கீழே வளைந்து போய்க்கொண்டிருந்தது. தூரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் வயலுக்கு நடுவே நட்ட மாதிரி நின்றது. பஞ்சாலைகளின் கூரைகள் மினுங்கின. இறங்க மனசே இல்லை. ஆய்வாளர் ஒரு சுற்று என்றுதான் சொல்லியிருந்தார். ஒரு சுற்றோடு இறங்கினேன்.

அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, "அடுத்த வருஷம் சட்டம் இன்னும் கொஞ்சம் மாறலாம்" என்றார்.

"மாறட்டும் சார், சாப்பிட வாங்க" என்றார் அண்ணாச்சி.

இப்போது மாதத்துக்கு ஒரு தடவை மதுரைக்குப் போகிறோம். யூனிட்டுக்கு நூல், கணவருக்கு டாக்டர், விமானத்துக்குப் பெட்ரோல், மூன்றும் ஒரே நடையில் முடிந்துவிடும். அதிக எத்தனாலைத் தாங்குகிற புது ரக இன்ஜின் வந்திருக்கிறதாம். அதைப் பொருத்த வேண்டும் என்றால் விமானத்தையே புதிதாகப் பதிவு செய்கிற அளவுக்கு வேலை இருக்கிறது. கணவர் அதற்கும் தயார். இராத்திரிச் சாப்பாட்டின்போது அதன் படத்தைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறார்.

போன ஆடி மாதம் அனுமதி எல்லாம் கையில் இருந்தது, கேன் நிறைய நல்ல பெட்ரோல் இருந்தது. செங்கோட்டைப் பக்கமிருந்து அடித்த காற்றில் கொட்டகையின் தகரமே பறக்கப் பார்த்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் போய், மூன்று பேரும் விமானத்தைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டு, இறக்கைக்குக் கீழே உட்கார்ந்து இளநீர் குடித்துவிட்டு வந்தோம்.

"இந்தக் காத்துக்கு எந்த ஆபீஸ்ல போயி அனுமதி கேக்குறது?" என்றார் அண்ணாச்சி.

கணவர் எழுந்து போய்க் கயிற்றை இன்னொரு முடிச்சுப் போட்டு இறுக்கினார். புரட்டாசியில் காற்று அடங்கியது. முதல் ஞாயிறு பூசைக்கு நாங்கள் சர்ச்சின் பின்வரிசையில், முடிந்ததும் தோப்புக்கு ஓட வசதியாக வாசலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தோம்.